ஆடலும் அருளும்

நுழையும்முன்

மதுரையைச் சூழ்ந்து நிற்கும் குன்றுகளுக்கு நம் முன்னோர் யானைமலை, நாகமலை, பசுமலை எனப் பெயரிட்டனர். ஆனையூரும் தன் பெயரிலேயே யானையைத் தாங்கி நிற்கிறது. வாய்பேசா உயிர்களை ஊர்ப் பெயரிலும் மலைப் பெயரிலும் நிலைநிறுத்திய இம்மண்ணில் பிறந்த பெண்மணி ஒருவர், பிற்காலத்தில் அவ்வுயிர்களின் பொருட்டு நாடாளுமன்றத்தில் வழக்காடினார். ஆடற்கலை வல்லுநராக உலகறிந்த ருக்மிணி தேவி அருண்டேலின் அருள்வாழ்வை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

பிறப்பும் இளமையும்

ருக்மிணி தேவி 1904ஆம் ஆண்டு பிப்ரவரி 29ஆம் நாள் மதுரையில் பிறந்தார். நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறையே வரும் நாள் அவருடைய பிறந்தநாளாக அமைந்தது. தந்தை நீலகண்ட சாஸ்திரி பொதுப்பணித் துறையில் பொறியாளராகப் பணியாற்றியவர், தாயார் சேஷம்மாள். தந்தையார் பணி ஓய்வு பெற்றபின், குடும்பம் சென்னை அடையாற்றில், பிரம்மஞான சபையின் தலைமையகத்திற்கு அருகே குடியேறியது. அன்னி பெசன்ட் அம்மையாரின் தலைமையில் இயங்கிய அச்சபையில் பல நாட்டு அறிஞர்களும் கூடினர். கல்வி, சமயப் பொறை, நாட்டு விடுதலை ஆகியவை குறித்த உரையாடல்களைக் கேட்டு அவர் வளர்ந்தார். உயிர்களிடம் அன்பு பாராட்டலும் புலால் மறுத்தலும் அச்சபையினர் பலர் போற்றிய நெறிகளாகும்.

அங்குப் பணியாற்றிய ஆங்கிலேயக் கல்வியாளர் ஜார்ஜ் அருண்டேலை 1920இல் அவர் மணந்தார். அப்போது அவருக்கு வயது பதினாறு. மணமகனோ நாற்பது வயதைக் கடந்தவர். சாதியும் நாடும் கடந்த அத்திருமணத்தைச் சென்னை நகரின் பழைமைவாதிகள் கடுமையாக எதிர்த்தனர். எதிர்ப்புக்கிடையே தம் முடிவில் ஊன்றி நிற்கும் உறுதியை அவர் அவ்விளம் வயதிலேயே பெற்றார். கணவருடன் பல நாடுகளுக்கும் பயணம் செய்தார். 1925இல் உலக இளம் பிரம்மஞானியர் கூட்டமைப்பின் தலைவராகப் பொறுப்பேற்றார்.

ஆடற்கலையில் ஈடுபாடு

உருசிய நாட்டு பாலே நடனக் கலைஞர் அன்னா பாவ்லோவா 1928இல் இந்தியாவுக்கு வந்தார். அவரது ஆட்டத்தை மும்பையில் கண்ட அருண்டேல் இணையர், பின்னர் ஆஸ்திரேலியாவுக்குச் சென்ற கப்பலில் அவரையே உடன் பயணியாகப் பெற்றனர். அந்நட்பின் பயனாக ருக்மிணி தேவி, பாவ்லோவாவின் குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டியிடம் பாலே நடனம் பயின்றார். ஆயினும், இந்திய மண்ணுக்குரிய ஆடல் மரபைத் தேடிக் கற்குமாறு பாவ்லோவா அவரை நெறிப்படுத்தினார்.

அம்மரபு அன்று சதிர் என்னும் பெயரால் வழங்கியது. கோயில்களிலும் அரசவைகளிலும் தேவரடியார் குலப் பெண்களும் நட்டுவனார்களும் அதனைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்தனர். பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க டாக்டர் முத்துலட்சுமி பாடுபட்ட காலம் அது. வழக்கத்தின்மேல் எழுந்த கண்டனம் கலையின்மேலும் படிந்தது. கலையைக் காக்கவேண்டும் என இ. கிருஷ்ண ஐயர் போன்றோர் வாதிட்டனர். 1933இல் சென்னை மியூசிக் அகாடமியில் சதிர் நிகழ்ச்சியைக் கண்ட ருக்மிணி தேவி அதில் தம் மனத்தைப் பறிகொடுத்தார். மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும், பின்னர்ப் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் முறையாகப் பயின்றார். 1935ஆம் ஆண்டு இறுதியில், பிரம்மஞான சபையின் வைரவிழாவில் அரங்கேறினார். முப்பது வயதைக் கடந்த, தேவரடியார் குலத்தில் பிறவாத பெண் ஒருவர் பொதுமேடையில் ஆடியது அன்றைய சமுதாயத்தில் பெரும் அதிர்வை உண்டாக்கியது.

கலாக்ஷேத்ரா

1936ஆம் ஆண்டு ஜனவரியில், அடையாற்றின் மரநிழலில் அவர் தொடங்கிய கலைக்கழகமே கலாக்ஷேத்ரா என்னும் பெயரில் வளர்ந்தது. டைகர் வரதாச்சாரியார், மைசூர் வாசுதேவாச்சாரியார், பாபநாசம் சிவன் முதலிய இசைமேதைகள் அங்கு ஆசிரியப் பணி ஆற்றினர். திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியை 1944இல் ருக்மிணி தேவி நாட்டிய நாடகமாக்கினார். பின்னர் இராமாயணத்தை ஆறு பகுதிகளாக அரங்கேற்றினார். ஆடையையும் அணிகலனையும் கோயிற் சிற்பங்களை ஒட்டி வடிவமைத்தார். கைத்தறி நெசவுக்கும் கலாக்ஷேத்ராவில் இடமளித்தார். தமிழ்த் தாத்தா உ.வே.சாமிநாதையர் மறைந்தபின், அவர் தொகுத்த சுவடிகளையும் நூல்களையும் காக்கும் நூலகம் 1943இல் அமைவதற்கும் அவர் துணைநின்றார்.

அவருடைய பணி விமரிசனத்திற்கும் உள்ளாயிற்று. சிருங்காரச் சுவையைக் குறைத்துப் பக்தியை முதன்மைப்படுத்தியதன்மூலம் அவர் மரபை மாற்றிவிட்டார் என்றனர் சிலர். அக்கலைக்கே வாழ்வைத் தந்த குலத்தினர், அது பிறர் கைக்குச் சென்றபின் மேடையிலிருந்து விலக நேர்ந்தது என்றனர் வேறு சிலர். இசை வேளாளர் மரபில் வந்த மாமேதை பாலசரஸ்வதி, சிருங்காரமே பரதத்தின் உயிர் என்னும் நிலைப்பாட்டில் இறுதிவரை நின்றார். இருவேறு நோக்குகளையும் அறிந்து ஆராய்வதே கலை வரலாற்றைக் கற்கும் முறையாகும்.

நாடாளுமன்றத்தில் உயிர்களுக்காக

1952இல் குடியரசுத் தலைவர் ருக்மிணி தேவியை மாநிலங்களவை உறுப்பினராக நியமித்தார். அவ்வவைக்கு நியமிக்கப்பெற்ற முதல் பெண்மணி அவரே. கலைக்காகக் கிடைத்த அவ்விடத்தை, வாக்குரிமையற்ற உயிர்களின் துயரை எடுத்துரைக்க அவர் பயன்படுத்தினார்.

கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை அடித்தபோது, சோழ மன்னன் தன் மகனையே தேர்க்காலில் இட்டான் என்பது தமிழர் போற்றும் கதை. கண்ணகி அக்கதையைப் பாண்டியன் அவையில் எடுத்துரைத்ததும் இம்மதுரையிலேயே. மன்னராட்சி மறைந்து மக்களாட்சி மலர்ந்தபின், பசு அடிக்கத்தக்க மணி எங்கே உள்ளது? அம்மணி சட்டமாகவே இருத்தல் இயலும்.

அந்நாளில் நடைமுறையில் இருந்தது 1890இல் ஆங்கிலேயர் ஆட்சியில் இயற்றப்பெற்ற சட்டம். அதன் வரம்பு குறுகியது. பாரம் தாங்காமல் விழும் வண்டிமாடு, ஆய்வுக்கூடத்தில் அறுக்கப்படும் குரங்கு, வித்தைக்காகப் பழக்கப்படும் கரடி ஆகியவற்றுக்கு அது போதிய காப்பளிக்கவில்லை. எனவே ருக்மிணி தேவி விலங்கு வதைத் தடுப்புக்கெனத் தனிநபர் மசோதா ஒன்றைக் கொணர்ந்தார். அமைச்சர் அல்லாத உறுப்பினர் ஒருவர் கொணர்வது தனிநபர் மசோதா எனப்படும். அது 1954இல் அவையில் விவாதிக்கப்பெற்றது.

உழவு, உணவு, மருத்துவ ஆராய்ச்சி, சமயச் சடங்கு எனப் பலவற்றையும் தொடும் பொருள் அது. பிரதமர் நேரு அதன் நோக்கத்தை ஏற்றார். ஆயினும் மசோதாவைத் திரும்பப் பெறுமாறும், அரசே குழு அமைத்து ஆராய்ந்து விரிவான சட்டம் கொணரும் என்றும் கேட்டுக்கொண்டார். ருக்மிணி தேவியின்முன் இரு வழிகள் இருந்தன. வாக்கெடுப்பை வலியுறுத்தினால் மசோதா தோற்கக்கூடும். திரும்பப் பெற்றால், வாக்குறுதி காலப்போக்கில் மறக்கப்படக்கூடும். விடுதலைக்குப்பின் இதுவரை 14 தனிநபர் மசோதாக்களே சட்டமாகியுள்ளன என்பதையும், 1970க்குப்பின் ஒன்றுகூட நிறைவேறவில்லை என்பதையும் நோக்கினால் அத்தேர்வின் அருமை விளங்கும். அவர் தம் பெயரால் அமைய இருந்த சட்டத்தைத் துறந்து, நோக்கம் நிறைவேறும் வழியைத் தேர்ந்தார். ஆறாண்டுகள் கழிந்து, 1960இல் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் நிறைவேறியது.

சட்டத்தின் இயல்பு

விலங்கைத் தம் பொறுப்பில் வைத்திருப்போர் அதன் நலத்தைப் பேணவும், தேவையற்ற வலி நேராமல் தடுக்கவும் கடமைப்பட்டவர் என்கிறது இச்சட்டம். அடித்தல், மிகுபாரம் ஏற்றுதல், நோயுற்ற விலங்கை வேலை வாங்குதல், உணவும் நீரும் தராது விடுதல் ஆகியவை குற்றங்களாயின. 1965இல் வகுக்கப்பெற்ற விதிகளின்படி, வண்டியிழுக்கும் விலங்கை நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரத்திற்கு மேலும், இடைவிடாது ஐந்து மணி நேரத்திற்கு மேலும் வேலை வாங்குதல் கூடாது. வெப்பம் 37 பாகை செல்சியசைக் கடக்கும் இடங்களில், நண்பகல் 12 முதல் 3 மணி வரை வண்டியில் பூட்டுதலும் கூடாது. கோடையில் மதுரைச் சாலைகளில் நடந்தோர் இவ்விதியின் பொருளை நன்குணர்வர்.

சட்டத்தின் வழி 1962இல் இந்திய விலங்குகள் நல வாரியம் சென்னையில் அமைந்தது. ருக்மிணி தேவி அதன் முதல் தலைவரானார். பன்னாட்டுச் சைவ உணவாளர் ஒன்றியத்தின் துணைத்தலைவராகவும் அவர் 1955 முதல் தொண்டாற்றினார்.

இச்சட்டம் குறையற்றதன்று. முதன்முறை வதை செய்தோருக்கு 1960இல் விதித்த ஐம்பது ரூபாய் வரையிலான அபராதம் அரை நூற்றாண்டுக்கும் மேலாக உயர்த்தப்படவில்லை. மறுபுறம், அச்சட்டத்தின் அடிப்படையிலேயே 2014இல் உச்சநீதிமன்றம் சல்லிக்கட்டுக்குத் தடை விதித்தது. மக்கள் எழுச்சியைத் தொடர்ந்து 2017இல் தமிழ்நாடு அரசு சட்டத்திருத்தம் செய்தது. 2023இல் உச்சநீதிமன்ற அரசியல் சாசன அமர்வு அதனை ஏற்றது. காளையைப் பிள்ளைபோல் வளர்க்கும் மக்களின் பண்பாட்டையும், காளைக்கு நேரும் துன்பத்தையும் ஒருசேர எண்ணிப்பார்க்கும் கடமையை அவ்வழக்கு நமக்கு உணர்த்தியது.

இறுதிக் காலமும் புகழும்

1956இல் பத்ம பூஷண் விருதும், 1957இல் சங்கீத நாடக அகாதெமி விருதும் அவரை வந்தடைந்தன. 1977இல் பிரதமர் மொரார்ஜி தேசாய் அவரைக் குடியரசுத் தலைவர் பதவிக்கு நிறுத்த முன்வந்தபோது, அவர் அதனை ஏற்காது கலைப்பணியையும் உயிர்நலப் பணியையும் தொடர்ந்தார். 1986ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள் சென்னையில் காலமானார். 1993இல் நாடாளுமன்றம் இயற்றிய தனிச்சட்டம் கலாக்ஷேத்ராவைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக்கியது.

ஆடலிலும் அருளிலும் ருக்மிணி தேவி ஒரே பண்பையே நாடினார். முகக்குறிப்பையும் விரலசைவையும் கொண்டே பிறர் உள்ளத்தை அறியச் செய்வது அபிநயம். சொல்லற்ற ஓருயிரின் கண்ணையும் நடுக்கத்தையும் கொண்டே அதன் வலியை உணர்வது அருள். முன்னதைப் பயில ஆசிரியரும் அரங்கும் வேண்டும். பின்னதைப் பயிலத் தெருவில் நிற்கும் ஒரு விலங்கை நின்று நோக்கும் மனம் போதும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் விலங்குகளின் பெயரால் வழங்கும் இடங்களைத் தொகுத்து, பெயர்க்காரணங்களைப் பெரியோரிடம் கேட்டு எழுதுக.

2. ருக்மிணி தேவி தம் மசோதாவைத் திரும்பப் பெற்றது சரியான முடிவா என்பது குறித்து வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.

3. உங்கள் ஊரில் வண்டிமாடுகள், கறவை மாடுகள், தெருநாய்கள் ஆகியவற்றின் நிலையைக் கண்டறிந்து, செய்யத்தக்க உதவிகளைப் பட்டியலிடுக.