தன் பிழையைத் தானே தேடிய மாணவன் – பெஞ்சமின் பிராங்கிளின்

மின்னலும் மின்சாரமே எனக் காட்டிய விஞ்ஞானி, 1776இல் அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தில் ஒப்பமிட்டவர்களுள் ஒருவர் எனப் பெஞ்சமின் பிராங்கிளினை மாணவர் அறிவர். அவர் பாடசாலை சென்றது ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் மாத்திரமே என்பதைப் பலர் அறியார்.

1706இல் பொஸ்டன் நகரில் பிறந்தார். தந்தையார் மெழுகுதிரியும் சவர்க்காரமும் செய்து விற்றவர். பிள்ளைகள் 17 பேர். பத்து வயதில் படிப்பு நின்றது. பன்னிரண்டு வயதில் தமையன் ஜேம்ஸின் அச்சகத்தில் தொழில் பழகச் சேர்ந்தார்.

அக்காலத்தில் பெண்கல்வி பற்றி நண்பன் ஒருவனுடன் கடிதமூலம் விவாதித்தார். அக்கடிதங்களைக் கண்ட தந்தையார், எழுத்துப்பிழை குறைவு, ஆயினும் தெளிவும் ஒழுங்கும் போதாது என்று இடங்களைக் காட்டிக் கூறினார். மகன் அதனை ஏற்றுக்கொண்டார். திருத்தும் வழியையும் தாமே வகுத்தார்.

லண்டனில் வெளிவந்த ‘ஸ்பெக்டேற்றர்’ இதழ்த்தொகுதி ஒன்று அவரிடம் இருந்தது. அதிலுள்ள கட்டுரையின் ஒவ்வொரு வாக்கியக் கருத்தையும் சிறுகுறிப்பாக எழுதிச் சில நாட்கள் ஒதுக்கி வைப்பார். பின்னர் நூலைப் பாராமல், குறிப்பை மட்டும் கொண்டு கட்டுரையைத் தம் சொற்களில் எழுதுவார். அதன் பின்னரே மூலத்துடன் ஒப்பிட்டுப் பிழைகளைத் திருத்துவார். இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். நம் மாணவர் பலர் மாதிரி விடையை முதலில் பார்த்துவிட்டு, தமக்கும் அது தெரியும் என்று எண்ணிக்கொள்கின்றனர்!

ஒப்பிட்டபோது சொல்வளம் குறைவெனக் கண்டார். உடனே உரைநடையைச் செய்யுளாக்கி, சில காலம் கழித்து மீண்டும் உரைநடையாக்கினார். கருத்துகளை ஒழுங்குபடுத்தப் பழகுவதற்குக் குறிப்புகளைக் கலைத்துப் போட்டு, சில வாரங்களின் பின் தாமே அடுக்கிப் பார்த்தார். சிற்சில இடங்களில் மூலத்தைவிடத் தமது எழுத்தே மேல் என்றும் அவருக்குத் தோன்றியது. அச்சிடப்பட்டது என்பதற்காக எதனையும் அப்படியே ஏற்கும் பழக்கம் அவரிடம் இல்லை. இவையனைத்தும் வேலைக்கு முன்னும் பின்னும், ஞாயிற்றுக்கிழமைகளிலும் நடந்தவை.

பாடசாலையில் எண்கணிதத்தில் தவறியவர் அவர். அந்த வெட்கத்தினால் பதினாறு வயதளவில் கொக்கரின் எண்கணித நூலை எடுத்துத் தாமாகவே இலகுவாகக் கற்று முடித்தார்.

1722இல் தமையனின் பத்திரிகைக்குப் புனைபெயரில் ஒரு கட்டுரை எழுதி, இரவில் அச்சகக் கதவின் கீழே தள்ளிவிட்டார். மறுநாள் தமையனும் நண்பர்களும் அதனைப் பாராட்டி, எழுதியவர் யாரென ஊகித்தனர். அவர்கள் சொன்ன பெயர்கள் யாவும் நகரின் கற்றோர் பெயர்களே. பிராங்கிளின் அவற்றைக் கேட்டுக்கொண்டு அங்கேதான் இருந்தார். அவ்வாறு 14 கட்டுரைகள் வெளிவந்தன.