கண்டி கண்ட அயலார்

துன்புற்றுக் கிடப்பவன் எவனோ அவனே அயலான் என்பது கிறித்து நெறி. அந்நெறியைக் கண்டி மாநகரில் ஒழுகிக் காட்டியவர் யோசவ்வாஸ் அடிகளார்.

1651 இல் கோவாவிற் பிறந்த அடிகளார், ஒல்லாந்தர் ஆட்சியிற் கத்தோலிக்கக் குருமார் தடுக்கப்பட்டிருந்த இலங்கைக்கு 1687 இல் இரவலர் கோலத்தில் வந்தார். யாழ்ப்பாணத்திற் கரந்து பணிபுரிந்தார். 1692 இல் கண்டியை அடைந்தபோது, போர்த்துக்கேய ஒற்றரென ஐயுறப்பட்டுச் சிறையிடப்பட்டார். பின்னரே அரசன் உண்மை தெளிந்தான்.

1697 இல் அந்நகரை வைசூரி வாட்டியது. இரண்டாம் விமலதர்மசூரியனும் நகர் நீங்கினான். நோயுற்றோரைச் சுற்றத்தாரே அஞ்சிக் கைவிட்டனர். அடிகளாரோ, தம் உறவினரான கார்வாலோ அடிகளாரோடு அங்கேயே தங்கினார். கைவிடப்பட்டோரை நாடிச் சென்று உணவும் மருந்தும் ஊட்டினார், புண்களைக் கழுவினார், இறந்தோரை அடக்கஞ் செய்தார். பௌத்தர், கத்தோலிக்கர் என்னும் வேறுபாடு அவர் கண்டிலர். தம்மை ஒற்றரென ஐயுற்ற ஊரவரே அவர்க்கு அயலாராயினர்.

1711 சனவரி 16 இல் கண்டியிலேயே அவர் உயிர் நீத்தார். 2015 இல் திருத்தந்தை பிரான்சிசு, கொழும்பில் அவரைப் புனிதராக அறிவித்தார். இன்னார்தாம் நம் அயலார் எனத் தேர்ந்துகொள்ளும் உரிமை அன்புடையார்க்கு இல்லை என்பதே அவ்வாழ்வு நமக்கு உணர்த்தும் பொருளாகும்.