சேற்றில் மிதந்த ரயில் பாதை

பொம்மை ரயில் ஓட்டிப் பார்த்திருக்கிறீர்களா? தண்டவாளத்தை வெறும் தரையில் வைத்து ரயிலை ஓடவிட்டால் என்ன ஆகும்? தண்டவாளம் அசையும், இணைப்புகள் விலகும், கடகடவென்று சத்தமும் கேட்கும். அதனால்தான், மாதிரி ரயில் அமைப்பவர்கள் முதலில் பலகையின் மேல் தக்கைப் பட்டையைப் பசை தடவி ஒட்டுவார்கள். மேடு பள்ளம் இல்லாமல் சரிபார்த்த பிறகே அதன் மேல் தண்டவாளத்தைப் பொருத்துவார்கள்.

பொம்மை ரயிலுக்கே அடித்தளம் இவ்வளவு முக்கியம் என்றால், நிஜ ரயிலுக்கு? அதுவும் கால் வைத்தால் புதையும் சேற்றின் மேல் பாதை போட வேண்டும் என்றால்? அதைச் செய்து காட்டியவர்தான் ஜார்ஜ் ஸ்டீவன்சன்.

இவர் 1781ஆம் ஆண்டு ஜூன் 9ஆம் தேதி, இங்கிலாந்தில் வைலம் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை நிலக்கரிச் சுரங்கத்தில் நீர் இறைக்கும் இயந்திரத்துக்கு நெருப்பு மூட்டும் தொழிலாளி. ஏழைக் குடும்பம். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப வசதி இல்லை. வீட்டு வாசலை ஒட்டி மரத் தண்டவாளம் சென்றது. அதில் குதிரைகள் நிலக்கரி வண்டிகளை இழுத்துச் செல்லும். சிறுவன் ஜார்ஜ் அதைப் பார்த்தே வளர்ந்தான். மாடு மேய்த்தான், பிறகு சுரங்க வேலைக்குப் போனான்.

18 வயது வரை அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதற்காக அவர் வெட்கப்பட்டு ஒதுங்கவில்லை. பகலெல்லாம் உழைத்துவிட்டு இரவுப் பள்ளிக்குச் சென்று எழுத்தும் கணக்கும் கற்றார். செருப்புத் தைத்தும் கடிகாரம் பழுது பார்த்தும் கூடுதல் காசு சேர்த்தார். 1806இல் மனைவி இறந்துவிட, மகன் ராபர்ட்டைத் தாயில்லாப் பிள்ளையாக வளர்த்தார். மகனை நல்ல பள்ளியில் சேர்த்தார். அவன் படித்து வந்த பாடங்களை மாலையில் தானும் சேர்ந்து படித்தார்!

1814இல் தனது முதல் நீராவி ரயில் எஞ்சினை உருவாக்கினார். அவரது திறமையைக் கேள்விப்பட்டு, லிவர்பூல், மான்செஸ்டர் நகரங்களை இணைக்கும் ரயில் பாதைக்குத் திட்டம் தரும் பொறுப்பை ஒப்படைத்தார்கள்.

1825இல் அந்தத் திட்டம் பாராளுமன்றக் குழுவின் முன் வந்தது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேள்வி மேல் கேள்வி கேட்டார். உதவியாளர்கள் எடுத்த நில அளவுகளில் பிழைகள் இருந்தன. ஸ்டீவன்சனால் பதில் சொல்ல முடியவில்லை. எல்லோர் முன்னிலையிலும் அவமானப்பட்டார். திட்டமும் தோற்றது.

வழியில் இருந்த சாட் மாஸ் என்ற பெரிய சதுப்பு நிலமும் எதிர்ப்புக்கு ஒரு காரணம். அது பஞ்சு போல நீரை உறிஞ்சி வைத்திருக்கும் நிலம். சில இடங்களில் ஆழம் சுமார் 10 மீட்டர். அதைக் கடக்க 2 லட்சம் பவுண்டுக்கு மேல் செலவாகும் என்றார் ஒரு பொறியாளர்.

மறு ஆண்டு, நிலத்தைப் புதிதாக அளந்த பிறகு அனுமதி கிடைத்தது. ஸ்டீவன்சன் மீண்டும் பொறியாளர் ஆனார். இம்முறை தோற்றால் யாரும் அவரை நம்ப மாட்டார்கள்!

வேலையாட்கள் காலில் பலகை கட்டிக்கொண்டு அந்தச் சேற்றில் நடந்தார்கள். வெட்டிய வாய்க்கால்கள் உடனே மூடிக்கொண்டன. வாரக்கணக்கில் மண் கொட்டியும் கரை எழும்பவில்லை. அத்தனையையும் சேறு விழுங்கியது. வேலையைக் கைவிடலாமா என்று கூட நிர்வாகிகள் யோசித்தார்கள்.

ஸ்டீவன்சன் கலங்கவில்லை. சேற்றின் அடிவரை தோண்டாமல், அதன் மேல் பாதையை மிதக்கவிட்டால் என்ன என்று எண்ணினார். சேற்றில் வெறுங்காலுடன் நின்றால் கால் புதைகிறது. அதே இடத்தில் அகலமான பலகை போட்டு நின்றால் அவ்வளவு புதைவதில்லை அல்லவா? எடை பரவி விடுவதுதான் காரணம்.

அதன்படியே செய்தார். புதர்க் கிளைகளைத் தட்டிகளாகப் பின்னி, சேற்றின் மேல் பரப்பினார். தட்டிகளின் மேல் மண்ணும் சரளையும் கொட்டி, அதன் மேல் குறுக்குக் கட்டைகளையும் தண்டவாளத்தையும் பதித்தார். வாய்க்கால் நிற்காத இடத்தில், அடிப்பாகம் நீக்கிய பழைய பீப்பாய்களை வரிசையாகப் புதைத்து நீரை வடித்தார். விழுங்கிக்கொண்டே இருந்த இடத்தில் பொறுமையாக மண்ணைக் கொட்டிக்கொண்டே இருந்தார். ஒருநாள் கரை மேலே தெரிந்தது!

1830 ஜனவரி 1ஆம் தேதி, 'ராக்கெட்' எஞ்சின் சாட் மாஸைக் கடந்தது. முந்தைய ஆண்டு நடந்த போட்டியில் 500 பவுண்டு பரிசு வென்ற அந்த எஞ்சினைக் கட்டியது மகன் ராபர்ட்டின் தொழிற்சாலை. சதுப்பைக் கடக்க ஆன செலவு சுமார் 28,000 பவுண்டுதான்! அதே ஆண்டு செப்டம்பர் 15இல் பாதை முழுவதும் திறக்கப்பட்டது.

1848 ஆகஸ்ட் 12இல் ஸ்டீவன்சன் மறைந்தார். ஆனால், அவர் மிதக்கவிட்ட பாதை வழியே இன்றும் ரயில்கள் ஓடுகின்றன.

நீங்களும் சோதித்துப் பாருங்கள். ஒரு தட்டில் குழைவான சேற்றை நிரப்பி, அதன் மேல் ஒரு கல்லை வையுங்கள், புதையும். அடுத்து, துடைப்பக் குச்சிகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பாய் போலப் பரப்பி, அதே கல்லை அதன் மேல் வையுங்கள். வித்தியாசம் புரியும்.

ரயிலில் போகும்போது எஞ்சினை மட்டும் பார்க்காதீர்கள், செல்லங்களே! தண்டவாளத்துக்கு அடியில் கிடக்கும் ஜல்லியையும் பாருங்கள். ரயிலைத் தாங்குவது அதுதான். 18 வயதுக்கு மேல் இரவுப் பள்ளியில் கற்ற எழுத்தும் கணக்கும்தான் ஸ்டீவன்சனைத் தாங்கின. உங்களுக்கும் இப்போது அடித்தளம் போடும் வயது!