ஜிம் கார்பெட்டும் அவர் தமக்கையாரும்

வேட்டையாற் பெயர் பெற்றோர் உலகிற் பலர். வேட்டைக் கருவியைக் கீழே வைத்தமையாற் பெருமை பெற்றோர் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவர் ஜிம் கார்பெட். அவர் ஆட்கொல்லிப் புலிகளைக் கொன்ற செய்தியை நம்மிற் பலரும் அறிவர். ஆயின், வாழ்நாளின் மாலைப்பொழுதிலே தம் தமக்கையாருடன் ஆப்பிரிக்கா சென்று, ஆங்குள்ள விலங்குகளைக் கொல்லாது கண்டு களித்த வரலாற்றை அறிந்தோர் அதிகமிலர். அதனை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

இமயமலைச் சாரலிலே, குமாவோன் நாட்டில், நைனித்தால் என்னும் ஏரிநகரில் 1875-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 25-ஆம் நாள் கார்பெட் பிறந்தார். தந்தையார் அந்நகரத்து அஞ்சல் நிலையத் தலைவர். பிள்ளைகள் நிறைந்த குடும்பம். ஜிம் ஆறு வயது நிரம்புமுன்னரே, 1881-இல், தந்தையார் இறந்தார். அன்னையார் மேரி ஜேன் குடும்பப் பாரத்தைத் தாமே தாங்கினார். ஜிம்முக்கு ஓராண்டு மூத்தவர் மார்கரெட். வீட்டார் அவரை மாகி என்றே அழைத்தனர். கோடையில் நைனித்தாலிலும், குளிர்காலத்தில் மலையடிவாரத்துக் காலாதுங்கியிலும் குடும்பம் தங்குவது வழக்கம். காலாதுங்கிக் காடே சிறுவனுக்குப் பள்ளியாயிற்று. மண்ணிற் பதிந்த அடிச்சுவடு கண்டு இன்ன விலங்கு இப்பொழுது சென்றது என்றறியவும், மானும் குரங்கும் எழுப்பும் குரல் கேட்டுப் புலியின் வரவை உணரவும் அவர் ஆங்கே கற்றார்.

கல்லூரிக் கல்வி பெறும் வாய்ப்பு அவருக்கு வாய்க்கவில்லை. இருபது வயதாகுமுன்னரே இரயில்வேப் பணியிற் புகுந்தார். பின்னர்க் கங்கைக் கரையிலுள்ள மொகாமா காட் என்னுமிடத்தில், அகலப் பாதை வண்டிகளினின்று சரக்கை இறக்கிக் குறுகிய பாதை வண்டிகளுக்கு மாற்றும் ஒப்பந்தக்காரராய் இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தார். ஆங்குக் கூலியாட்களோடு தாமும் சுமை தூக்கினார். ஏழை மக்கள்பால் அவர் கொண்ட அன்பு அவ்விடத்தே வேரூன்றியது.

1907-இல் சம்பாவத் என்னுமூரில் ஒரு பெண் புலியை அவர் சுட்டு வீழ்த்தினார். நேபாளத்திலும் குமாவோனிலுமாக அது 436 பேரைக் கொன்றதென்பது கணக்கு. முன்னொருகால் எவரோ சுட்ட குண்டால் அதன் கோரைப்பற்கள் உடைந்திருந்தன. இயல்பான இரையைப் பற்ற மாட்டாமையால் அது மனிதரை நாடியது. காயமோ முதுமையோ உற்ற புலியே பெரும்பாலும் ஆட்கொல்லியாகிறது. புலி இயல்பிலே கொடியதன்று என்னும் உண்மையை அவர் தம் வாழ்நாள் முழுதும் வலியுறுத்தினார். 125 பேரைக் கொன்றதாகப் பதிவு பெற்ற ருத்திரப்பிரயாகைச் சிறுத்தை 1926-இல் அவர் கையால் மடிந்தது. ஆட்கொல்லியைத் தேடிச் செல்லுமுன், அதன் தலைக்கு வைத்த பரிசுப்பணத்தை அரசாங்கம் நீக்கிவிட வேண்டும் என்பது அவர் விதித்த நிபந்தனை. பொருளுக்காகக் கொல்பவர் என்னும் பெயரை அவர் விரும்பவில்லை.

ஆயினும் உண்மையை மறைத்தல் வரலாற்றுக்கு அழகன்று. எவருக்கும் தீங்கு செய்யாத பொவால்கட் புலியை 1930-இல் அவர் விளையாட்டு வேட்டையாகவே கொன்றார். வைசிராய்மாரின் புலிவேட்டைகளுக்கும் துணைநின்றார். எனவே அவரது மாற்றம் ஒரே நாளில் நிகழ்ந்ததன்று. சாம்பியன் என்னும் வன அதிகாரி எடுத்த புலிப்படங்கள் அவரை ஈர்த்தன. துப்பாக்கி பிடித்த கை மெல்ல மெல்லப் படக்கருவியைப் பற்றலாயிற்று. ஓடையருகே நெடுநேரம் அசையாது அமர்ந்து, புலிகளைச் சலனப்படம் பிடித்தார். இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா 1936-இல் ஹெய்லி என்பார் பெயரால் அமைந்தபொழுது, அதற்கு உழைத்தோருள் கார்பெட்டும் ஒருவர்.

இனி மாகி அம்மையாரைப் பற்றிச் சில சொல்லுவோம். அக்காளும் தம்பியும் மணம் புரிந்திலர்; ஒருவருக்கொருவர் துணையாகவே வாழ்ந்தனர். காலாதுங்கியை அடுத்த சோட்டி ஹல்துவானி என்னும் சிற்றூரைக் கார்பெட் வாங்கி, உழவர்களைக் குடியேற்றி, காட்டுப்பன்றி புகாவண்ணம் ஊரைச் சுற்றிக் கல்மதில் எழுப்பினார். அவ்வூரார் நோயுற்றால் வந்து நிற்பது அம்மையாரின் தாழ்வாரத்திலேதான். தம்பி காட்டில் ஆட்கொல்லியைத் தேடி இரவெல்லாம் அமர்ந்திருக்க, வீட்டில் விழித்திருந்த தமக்கையாரின் துணிவை எந்நூலும் முற்றக் கூறவில்லை.

1947-இல் நாடு விடுதலை பெற்றது. ஆங்கிலக் குடும்பங்கள் பல வெளியேறின. எழுபதைக் கடந்த இவ்விருவரும் எதிர்காலத்தை எண்ணிக் கலங்கினர். நைனித்தால் வீட்டை விற்றனர். சோட்டி ஹல்துவானி நிலத்தை உழுதவர்களிடமே விட்டனர். அவ்வாண்டின் இறுதியில் பம்பாயிற் கப்பலேறினர். பிறந்த மண்ணைத் தம் இந்தியா என்றே கருதி, 1952-இல் அப்பெயராலேயே நூல் வெளியிட்டவர், அம்மண்ணை விட்டு அயல்நாட்டில் அதனை எழுதி முடிக்க நேர்ந்தது.

அவர்கள் சென்றடைந்தது கென்யா நாட்டு நியேரி நகரம். ஒருபுறம் கென்யா மலை, மறுபுறம் அபர்டேர் மலைத்தொடர். சாரணர் இயக்கத் தந்தை பேடன் பவல் தம் இறுதி நாட்களைக் கழித்த பாக்ஸ்டு என்னும் சிறு குடிலே இவர்களுக்கும் இல்லமாயிற்று. ஆப்பிரிக்கா கார்பெட்டுக்கு முற்றும் புதிதன்று. தாங்கனீக்காவில் நண்பர் ஒருவருடன் கூட்டாக அவர் முன்னரே பண்ணை வைத்திருந்தார். ஆயினும் புலி இல்லாத நாடு அது! அடிச்சுவடு தேடிப் பழகிய கண்களுக்கு இப்பொழுது சிங்கமும், யானையும், காண்டாமிருகமும் காட்சி தந்தன. சுவாகிலி மொழியிற் சபாரி என்னும் சொல்லுக்குப் பயணம் என்பதே பொருள். அதனை வேட்டைக்குரிய சொல்லாக்கியவர் ஐரோப்பியர். அதன் பழம்பொருளை இம்முதியோர் இருவரும் மீட்டனர் எனலாம். துப்பாக்கி செய்ய வேண்டிய வேலையைப் படக்கருவி செய்தது.

நியேரிக்கு அருகே, நீர்நிலை ஒன்றை நோக்கிய பெரிய அத்திமரத்தின் மேல் டிரீடாப்ஸ் என்னும் விடுதி 1932-இல் கட்டப்பட்டிருந்தது. இரவில் நீருண்ண வரும் விலங்குகளை அங்கிருந்து காணலாம். 1952 பெப்ரவரி 5-ஆம் நாள் இளவரசி எலிசபெத் அங்குத் தங்கினார். 76 வயதான கார்பெட், மரத்தில் ஏறும் ஏணியின் தலைப்பில் துப்பாக்கியுடன் இரவு முழுதும் காவலிருந்தார். கொல்ல எடுத்த கருவி காக்கும் கருவியாயிற்று. அவ்விரவிலேதான் இங்கிலாந்தில் ஆறாம் ஜார்ஜ் மன்னர் உறக்கத்திலேயே உயிர் நீத்தார். இளவரசியாக மரமேறியவர் அரசியாக இறங்கினார். அக்காலத்திலேயே கென்யாவில், தம் நிலத்தை வெள்ளையர்பால் இழந்த கிகூயூ மக்களின் கிளர்ச்சி மூண்டெழுந்தது. அதில் 1954-இல் அவ்விடுதி தீக்கிரையாயிற்று. விலங்குக்கு இடம் தந்த காட்டில் மண்ணின் மைந்தருக்கு இடமில்லாமற் போனதன் விளைவு அஃது.

மரவிடுதியின் வரலாற்றை எழுதி முடித்த சின்னாட்களில், 1955 ஏப்ரல் 19-ஆம் நாள், கார்பெட் மாரடைப்பால் இறந்தார். பேடன் பவல் துயிலும் அதே கல்லறைத் தோட்டத்தில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. தம்பியை இழந்த அம்மையார் மேலும் எட்டாண்டுகள் வாழ்ந்து 1963-இல் மறைந்தார். ஹெய்லி பூங்கா பின்னர்க் கார்பெட் பூங்காவெனப் பெயர் பெற்றது. புலிகளைக் காக்கும் அரசாங்கத் திட்டம் 1973-இல் அங்கிருந்தே தொடங்கியது. காலாதுங்கியில் அக்காளும் தம்பியும் வாழ்ந்த வீடு இன்று காட்சிச்சாலை.

இவ்வரலாற்றால் நாம் பெறும் பயன் யாது? ஆப்பிரிக்கா செல்லும் பொருள் நம்மிற் பலருக்கு இல்லை, செல்லாமலும் கற்கலாம். திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலிலிருந்து மலையை நோக்கும் நமக்கு, அம்மலையடிவாரக் காட்டிற் புள்ளிமான்கள் உள்ளன. ஏரிக்கரைகளிற் பறவைகள் உள்ளன. கல்லெறியாமலும் கூச்சலிடாமலும், தம்பி தங்கையரோடு அமர்ந்து அவற்றைக் காணப் பொறுமையே முதல். கார்பெட் அப்பொறுமையைப் புலியின் வழியில் கற்று, முதுமையில் அதன் இன்பத்தைத் தமக்கையாரோடு பகிர்ந்து துய்த்தார். நாமோ அதனை இளமையிலேயே தொடங்கலாம். நம் கை கருவியெடுத்துப் பழகுமுன்னரே கண் கண்டு பழகுமாயின், காடும் பிழைக்கும், நாமும் பிழைப்போம்.