பனிமனிதர் ஓட்சியின் காலணி

எழுத்தே அறியாத ஊரில் வாழ்ந்த ஒருவரின் கதையை எப்படித் தெரிந்துகொள்வது? அவர் அணிந்திருந்த உடையே சொல்லும்!

1991 செப்டம்பர் 19ல், இத்தாலி - ஆஸ்திரியா எல்லையில் உள்ள ஆல்ப்ஸ் மலையில், பனியில் உறைந்த உடல் ஒன்றை மலையேறச் சென்றவர்கள் கண்டனர். அவர் வாழ்ந்தது சுமார் 5,300 ஆண்டுகளுக்கு முன்பு! அந்த மலைப்பகுதியின் பெயரையொட்டி 'ஓட்சி' என்று பெயர் வைத்தனர்.

ஓட்சிக்கு வயது சுமார் 45. உயரம் 160 செ.மீ. ஆட்டுத்தோல் மேலங்கியும், கரடித்தோல் தொப்பியும் அணிந்திருந்தார். காலணியைக் கேளுங்கள்! அடியில் கரடித்தோல், மேலே மான்தோல், கட்டுவதற்கு மாட்டுத்தோல் வார். உள்ளே மரநாரில் பின்னிய வலை. வலைக்கும் தோலுக்கும் நடுவே காய்ந்த புல். எதற்கு? பாதம் குளிரில் விறைக்காமல் இருக்கத்தான்!

மேலங்கியை விலங்கின் தசைநாரால் நேர்த்தியாகத் தைத்திருந்தனர். கிழிந்த சில இடங்களில் மட்டும் புல்லால் போட்ட அவசரத் தையல். வீட்டைவிட்டு வெகுதூரம் வந்தபோது அவரே தைத்திருக்கலாம்.

பாவம், ஓட்சி வீடு திரும்பவில்லை. அவரது இடது தோளில் அம்புமுனை புதைந்திருப்பது 2001ல் தெரிந்தது. எய்தவர் யார்? இன்றும் புதிர்தான்.

இத்தாலியின் போல்சானோ அருங்காட்சியகத்தில், குளிர் அறையில் இருக்கிறார் ஓட்சி. தைத்துத் தைத்து அணிந்த அவரது மேலங்கியும் அங்கே பத்திரமாக உள்ளது.