ராபர்ட் வாரிங்டன்

மதுரை வெயிலிற் கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்க்க முயன்றோர் யாவரும் ஒரு பகையை அறிவர். அது பாசி. சில வாரங்களில் கண்ணாடி பசுமை பூண்டு, நீர் கலங்கி, மீனே புலப்படாமற் போகும். சுரண்டிக் கழுவினும் மீண்டும் படரும். இப்பகையை வேறொரு வழியால் அடக்கிய இரசாயன அறிஞர் ஒருவரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

ராபர்ட் வாரிங்டன் 1807-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஷீர்னெஸ் என்னும் துறைமுக ஊரிற் பிறந்தார். 1822-இல் ஒரு இரசாயனரிடம் தொழில் பயிலச் சேர்ந்தார். 1828-இல் லண்டன் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் எட்வர்டு டர்னருக்கு உதவியாளரானார். பின்னர்ச் சில ஆண்டுகள் ஒரு மதுவடிசாலையில் இரசாயனராக உழைத்தார். 1841-இல் இங்கிலாந்தின் இரசாயனச் சங்கம் தோன்ற முன்னின்றவர் இவரே. மறுவருடம் மருந்து வணிகர் சங்கத்தில் அலுவல் ஏற்று, அதன் மாளிகையிலேயே வசிக்கலானார்.

அங்கேதான், 1849-இல், 12 காலன் கொள்ளும் கண்ணாடிப் பாத்திரம் ஒன்றில் மணலும் சேறும் கல்லும் இட்டு, இரண்டு பொன்மீன்களை விட்டார். நாடாவையொத்த இலைகளையுடைய வாலிஸ்னேரியா என்னும் நீர்ப்பூண்டையும் நட்டார். மீன் வெளிவிடும் கரியமிலவாயுவைப் பூண்டு வெயிலொளியில் உட்கொண்டு, பிராணவாயுவைத் திருப்பித் தரும் என்பது அவர் கருத்து. கணக்குச் சரியாகவே தோன்றிற்று. ஆனால் முதிர்ந்த இலைகள் அழுகின, கண்ணாடியிற் பசும்பாசி படர்ந்தது, நீர் கலங்கிற்று, மீன்களின் உயிருக்கே ஆபத்து நேர்ந்தது.

வேறொருவர் பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டிருப்பார். வாரிங்டனோ இயற்கைக் குளங்களில் இவ்வழுகலை நீக்குவது யாது என ஆராய்ந்தார். ஐந்தாறு குளத்து நத்தைகளைக் கொணர்ந்து விட்டார். அவை அழுகிய இலையையும் பாசியையும் மேய்ந்தன, நீர் தெளிந்தது. நத்தையின் முட்டைகள் மீனுக்கு இரையாயின. நத்தையின் கழிவு பூண்டிற்கு எருவாயிற்று. இம்முடிவை 1850-இல் இரசாயனச் சங்கத்தின் வாயிலாக வெளியிட்டார்.

பின்னர் ஸ்டிக்கிள்பேக் என்னும் சிறு முள்மீன்களை வளர்த்து, ஆண்மீன் கூடு கட்டுவதையும், நெருங்குவனவற்றைத் தாக்குவதையும் கண்டெழுதினார். குஞ்சு காக்கும் விரால் பிறவற்றைத் துரத்துவதை நம் கண்மாய்க் கரையினரும் அறிவர். கண்மாயில் தோற்ற மீன் ஓடிப் பிழைக்கும். தொட்டியிலோ ஓட இடமில்லை. ஆதலின் சண்டைக் குணமுள்ள மீன்களைச் சிலவாகவே வளர்த்து, மறைவதற்குக் கல்லும் பூண்டும் வைத்தல் வேண்டும். அவற்றுட் சில நத்தையையும் தின்னும் என்பதை மறத்தலாகாது.

நிற்க. வாரிங்டனின் முறையை நாம் மதுரையிற் கைக்கொள்ளும்போது இரண்டை நினைத்தல் நலம். லண்டன் ஒளியினும் நம் வெயில் கடியது. ஆதலின் தொட்டியை நேர்வெயில் படாத இடத்தில் வைத்தல் வேண்டும். மிகுதியாக இட்ட இரையும் மீனின் கழிவும் பாசிக்கே உணவாம். எனவே இரையைக் குறைத்து, நீரில் ஒரு பகுதியை வாரந்தோறும் மாற்றுக. சாக்கடை கலக்கும் ஊருணியும் கண்மாயும் பச்சையாவது இக்காரணத்தாலேயாம். அங்கே எத்தனை நத்தை விடினும் பயனில்லை. சாக்கடையைத் தடுத்தலே மருந்து.

1854-இல் வாரிங்டன் செயற்கைக் கடல்நீர் செய்யும் முறையையும் வெளியிட்டார். 1864-இல் ராயல் சங்கம் அவரை உறுப்பினராக ஏற்றது. 1867 நவம்பரில் டெவன் நாட்டில் உயிர் நீத்தார். இரசாயனத்தில் அவர் ஆற்றிய தொண்டு பெரிது; ஆயினும் இன்று அவர் பெயரை நிலைநிறுத்துவன அவ்வைந்தாறு நத்தைகளே.