சாமுவேல் பேக்கர்

சேர் சாமுவேல் வைட் பேக்கர் (ஜூன் 8, 1821 – டிசம்பர் 30, 1893) ஆங்கிலேய நாடுகாண் பயணியும் எழுத்தாளரும் வேட்டைக்காரரும் ஆவார். 1864 ஆம் ஆண்டில் ஆப்பிரிக்காவின் ஆல்பர்ட் ஏரியைக் கண்ட முதல் ஐரோப்பியராக அறியப்படுகிறார். நெப்போலியப் போர்க் காலத்துப் பேக்கர் ரைபிளை வடிவமைத்தவர் இவரல்லர். அவர் எசேக்கியேல் பேக்கர்.

இலண்டனில் பிறந்த இவர், 1846 இல் வேட்டையாடும் நோக்குடன் இலங்கைக்கு வந்தார். 1848 இல் நுவரெலியாவில் பண்ணை அமைத்துக் குடியேறி, 1855 வரை அங்கு வாழ்ந்தார். ஓட்டன் சமவெளியிலுள்ள பேக்கர் அருவி இவர் பெயரைத் தாங்கியது.

21 இறாத்தல் ரைபிள்

ரைபிள் குழாயின் உட்புறத்தில் வெட்டப்பட்ட சுருள் வரிகள் குண்டைச் சுழலவைத்து நேராகச் செலுத்துகின்றன. ஒரு வரி முழுச் சுற்று வர எடுத்துக்கொள்ளும் நீளமே அதன் முறுக்கு அளவாகும். எசேக்கியேல் பேக்கரின் ரைபிளில் இது 120 அங்குலம். 30 அங்குலக் குழாயைக் கடக்கும்போது குண்டு கால் சுற்றே சுழலும். முறுக்கு இறுக்கமாக இருந்து மருந்தும் கூடினால், மென்மையான ஈயக் குண்டு வரியைப் பற்றாமல் வழுக்கிச் சென்று குறி தவறிவிடும். ஆகவே ரைபிள்களில் குறைந்த அளவு மருந்தே இடப்பட்டது. மானுக்கு அது போதும், பாய்ந்துவரும் யானைக்குப் போதாது.

பேக்கர் முறுக்கைத் தளர்த்தவில்லை, பிடிப்பை வலுப்படுத்தினார். 1840 இல், தமது 19 ஆம் வயதில், பிரிஸ்டல் நகரத் துப்பாக்கிக் கைவினைஞர் கிப்சைக் கொண்டு 21 இறாத்தல் (சுமார் 9.5 கிலோகிராம்) எடையுள்ள ரைபிள் ஒன்றைச் செய்வித்தார். 36 அங்குலக் குழாயில் அகன்று ஆழ்ந்த இரண்டே வரிகள். குழாயின் நீளத்துக்குள் ஒரு முழுச் சுற்று. உருண்டைக் குண்டைச் சுற்றி வார்க்கப்பட்ட பட்டை அவ்வரிகளில் பொருந்தியது. இதனால் ஓர் அவுன்சு (சுமார் 28 கிராம்) கருமருந்திட்டு 3 அவுன்சுக் குண்டைச் சுடவும், குண்டு வழுக்காமல் செல்லவும் முடிந்தது. பட்டைக் குண்டு படைத்துறையில் முன்பே இருந்ததுதான். பேக்கரின் புதுமை மருந்தின் அளவிலேயே உள்ளது. இந்தியாவில் பணியாற்றிய ஜேம்ஸ் போர்சித் 1860களில் இதே சிக்கலுக்கு நேர்மாறான தீர்வைப் பரிந்துரைத்தார்: ஆழமற்ற வரிகள், மிகத் தளர்ந்த முறுக்கு.

அக்கால இலங்கையில் யானைகள் பயிரழிப்பனவாகக் கருதப்பட்டன. அவற்றைக் கொல்வோருக்கு அரசு பரிசுத்தொகையும் வழங்கியது. பேக்கர் தாம் கொன்ற யானைகளைப் பற்றித் தயக்கமின்றி எழுதினார். இன்று அப்பக்கங்களைப் படிப்பது எளிதன்று.

பிற்காலம்

1861 முதல் 1865 வரை தம் துணைவி புளோரன்சுடன் நைல் பகுதியில் பயணம் செய்தபோது, அரை இறாத்தல் வெடிகுண்டைச் சுடும் 'பேபி' என்னும் ஆலந்து நிறுவனத் துப்பாக்கியையும் எடுத்துச் சென்றார். அதன் உதைப்பில் சுடுபவரின் உடலே திரும்பிவிடுமாதலால் அரிதாகவே பயன்படுத்தினார். 1866 இல் சேர் பட்டம் பெற்றார்.

1890 இல் வெளியான நூலில், பெரிய விலங்குகளுக்கு உட்குழிந்த குண்டுகளைத் தவிர்த்துத் திண்ம ஈயக் குண்டுகளையே பயன்படுத்த வேண்டும் என வாதிட்டார். இங்கிலாந்தின் டெவன் பகுதியிலிருந்த தம் இல்லத்தில் 72 ஆம் வயதில் காலமானார்.